இளையோர் மனம்: பண்பாடு திறக்கும் வழிகளும் அடைக்கும் வழிகளும்



வாழ்நாள் முழுவதும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஓர் ஆசிரியரின் நினைவாக அமைந்த அறக்கட்டளையின் சொற்பொழிவு இது. அவர் பெயரால் அமைந்த மேடையில் பிள்ளைகளின் மனநலத்தைப் பற்றிப் பேசுவதைவிடப் பொருத்தமான ஒன்றை என்னால் நினைக்க முடியவில்லை.

முதலில் இரண்டு எண்களைச் சொல்லிவிடுகிறேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறைபாடு இருப்பதாகக் கண்டது. நாற்பது பேர் உள்ள வகுப்பறையில் ஏறக்குறைய மூன்று பிள்ளைகள்.

இதைக் கேட்டதும் நம்மிடையே உடனே எழும் பேச்சு ஒன்று உண்டு. “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தாங்கும் சக்தியே இல்லை. எங்கள் காலத்தில் எவ்வளவு கஷ்டப்பட்டோம் தெரியுமா?” திருமண வீட்டிலும் கேட்கிறோம், ஆசிரியர் அறையிலும் கேட்கிறோம். இந்தப் பேச்சை மறுப்பதற்காகவே இன்று நான் வந்திருக்கிறேன். ஒரு பிள்ளை துன்பத்தை எப்படிச் சமாளிக்கிறது என்பது அந்தப் பிள்ளையின் நெஞ்சுரத்தை மட்டும் பொறுத்ததன்று. சமாளிப்பதற்கு எந்தெந்த வழிகளை அதன் வீடும் பள்ளியும் ஊரும் காட்டியிருக்கின்றன, எந்தெந்த வழிகளை அடைத்துவைத்திருக்கின்றன என்பதையும் பொறுத்தது. இந்த ஒரு கருத்தைத்தான் சான்றுகளோடு உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

மனம் கேட்கும் இரண்டு கேள்விகள்

ரிச்சர்ட் லாசரஸ், சூசன் ஃபோக்மன் என்னும் இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1984இல் எழுதிய நூல் ஒன்று இந்தத் துறைக்கு அடிப்படையாக அமைந்தது. துன்பம் வரும்போது மனம் இரண்டு கேள்விகளைக் கேட்கிறது என்றார்கள் அவர்கள். “இதனால் எனக்கு என்ன ஆகும்?” என்பது முதல் கேள்வி. “இதற்கு என்னால் என்ன செய்ய முடியும்?” என்பது இரண்டாவது. ஒரே மதிப்பெண் பட்டியல் ஒரு மாணவியைச் சிறிது நேரம் வாட்டமாக்கிவிட்டுப் போய்விடுகிறது, இன்னொரு மாணவியை நிலைகுலைய வைக்கிறது. இரண்டு கேள்விகளுக்கும் அவரவர் மனம் சொல்லும் விடை வேறுபடுவதே காரணம்.

சமாளிக்கும் முறைகளை அவர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். சிக்கலையே நேராகக் கையாள்வது ஒன்று: புரியாத பாடத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது, மறுகூட்டலுக்கு விண்ணப்பிப்பது, துன்புறுத்துபவனைப் பற்றிப் புகார் கொடுப்பது. சிக்கலால் எழும் உணர்ச்சியைக் கையாள்வது மற்றொன்று: அழுது தீர்ப்பது, கோயிலுக்குப் போய் வருவது, நண்பனோடு நடந்துவிட்டு வருவது, “இதுவும் கடந்து போகும்” என்று மனத்தைத் தேற்றுவது. இரண்டில் எது உயர்ந்தது என்ற கேள்விக்கு இடமில்லை. மாற்றக்கூடிய நிலைமைக்கு முதல் முறை பொருந்தும். மாற்ற முடியாததற்கு இரண்டாவது பொருந்தும். தந்தையை இழந்த பிள்ளையிடம் “ஏதாவது செய்” என்று சொல்லக் கூடாது. வகுப்பில் நாள்தோறும் கேலிக்கு ஆளாகும் பிள்ளையிடம் “பொறுத்துப் போ” என்று சொல்லவும் கூடாது.

பண்பாடு நுழையும் இடம் அந்த இரண்டாவது கேள்வி. “என்னால் என்ன செய்ய முடியும்?” என்பதற்குப் பத்து வயதுப் பிள்ளை தானாக விடை கண்டுபிடிப்பதில்லை. பெரியவர்கள் துன்பத்தை எப்படி எதிர்கொண்டார்கள் என்று பார்த்து, எதைச் சொன்னால் அடி விழுந்தது, எதைச் சொன்னால் அணைப்புக் கிடைத்தது என்று நினைவில் வைத்து, அதற்குள் விடை தேடுகிறது.

கீழைநாடு பொறுக்கும், மேலைநாடு போராடுமா?

பண்பாட்டையும் உளவியலையும் பற்றிப் பேசுவோர் எளிதாகச் சொல்லிவிடும் பொதுமொழி ஒன்று உண்டு. மேலைநாட்டார் உலகத்தை மாற்றப் பார்க்கிறார்கள், கீழைநாட்டார் தங்களை மாற்றிக்கொள்கிறார்கள் என்பது அது. இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் ஜான் வைஸும் அவருடைய உடன் ஆய்வாளர்களும். கரோலின் மெக்கார்ட்டி முதன்மை ஆசிரியராக 1999இல் வெளிவந்த அவர்களது ஆய்வு, தாய்லாந்திலும் அமெரிக்காவிலும் 6 முதல் 14 வயது வரை உள்ள 141 பிள்ளைகளிடம், அன்றாட வாழ்வில் வரும் சங்கடங்களை எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்டது. பிரிவு, பள்ளியில் தோல்வி, பெரியவர்களின் கோபம், மருத்துவரின் ஊசி இப்படிப்பட்டவை அந்தச் சங்கடங்கள்.

கிடைத்த விடை பொதுமொழிக்குள் அடங்கவில்லை. தன்னை மாற்றிக்கொண்டு சமாளிக்கும் போக்கு, பிரிவின்போது தாய்லாந்துப் பிள்ளைகளிடம் கூடுதலாக இருந்தது. உடலில் அடிபட்டபோது அது அமெரிக்கப் பிள்ளைகளிடம் கூடுதலாக இருந்தது. இன்னொரு வேறுபாடும் தெளிவாகத் தெரிந்தது. அதிகாரம் உள்ள பெரியவர் எதிரே நிற்கும்போது, அதாவது பெரியவர் கோபித்தாலும் மருத்துவர் ஊசி போட்டாலும், தாய்லாந்துப் பிள்ளைகள் உள்ளுக்குள் மறைத்துச் சமாளிப்பது அமெரிக்கப் பிள்ளைகளைப்போல் இரு மடங்குக்கும் மேல் இருந்தது.

இந்த முடிவை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். பண்பாடு பிள்ளைகளைப் பொதுவாக அடங்கியவர்களாகவோ துணிந்தவர்களாகவோ ஆக்கிவிடுவதில்லை. இன்னாரிடம் காட்டலாம், இன்னாரிடம் மறைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறது. நம் வீடுகளிலும் இதைப் பார்க்கிறோம். அப்பாவிடம் ஒரு சொல் பேசாத பையன் டீக்கடையில் நண்பர்களிடம் எல்லாவற்றையும் கொட்டுகிறான். ஆசிரியர் முன் தலைகுனிந்து நிற்கும் மாணவி விடுதி அறையில் தோழியின் மடியில் அழுகிறாள்.

உதவி கேட்பதில் உள்ள சுமை

அடுத்த சான்று ஷெல்லி டெய்லர், ஹீஜுங் கிம், டேவிட் ஷெர்மன் ஆகியோரின் ஆய்வுகள். ஐரோப்பிய வழி அமெரிக்கர்களைக் காட்டிலும், ஆசிய வழி அமெரிக்கர்களும் கொரியர்களும் துன்ப நேரத்தில் பிறரிடம் ஆதரவு கேட்பது குறைவு என்று 2004இல் அவர்கள் காட்டினார்கள். காரணத்தையும் தேடினார்கள். தன் துயரத்தைச் சொன்னால் மற்றவர் மனம் சங்கடப்படும், உறவின் இசைவு குலையும், தன் மதிப்பும் குறையும் என்ற கவலைதான் அவர்களைத் தடுத்தது.

2007இல் டெய்லர் குழுவினர் ஒரு படி மேலே போனார்கள். மேடைப்பேச்சு, கணக்கு என்று மனத்தைப் பதற வைக்கும் பணிகளை மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். அதற்கு முன் ஒரு பிரிவினரை, நெருங்கியவர்களிடம் அறிவுரையும் ஆதரவும் கேட்டுக் கடிதம் எழுதச் சொன்னார்கள். இன்னொரு பிரிவினரை, தமக்கு நெருக்கமான ஒரு கூட்டத்தை நினைத்து அதைப் பற்றி மட்டும் எழுதச் சொன்னார்கள். உமிழ்நீரில் கார்ட்டிசால் என்னும் அழுத்த இயக்குநீரை அளந்து பார்த்தபோது, ஆசிய வழி மாணவர்களுக்கு நெருங்கியவர்களை நினைப்பதே ஆறுதல் தந்தது தெரிந்தது. உதவி கேட்டு எழுதியது அவர்களுக்கு அழுத்தத்தைக் கூட்டியது. ஐரோப்பிய வழி மாணவர்களிடம் இது நேர்மாறாக இருந்தது.

நம் பிள்ளைகளை வைத்து நடத்திய ஆய்வன்று இது. அப்படியே எடுத்துப் பொருத்திவிடக் கூடாது. ஆனால் மாணவர்களோடு நீண்ட காலம் பழகிய எவருக்கும் இதில் தெரிந்த முகங்கள் தோன்றும். “வீட்ல சொன்னா அம்மா பயந்துடுவாங்க, சார்.” “அப்பா வட்டிக்கு வாங்கிப் படிக்க வைக்கிறார், அவர்கிட்டப் போய் அரியர் விழுந்ததைச் சொல்லவா?” இப்படிப் பேசும் பிள்ளைகளைக் கோழைகள் என்று எப்படிச் சொல்வது? பெற்றோர்மீது வைத்த அன்பினாலேயே வாய் திறக்காமல் இருக்கிறார்கள். “உனக்காகத்தான் இவ்வளவும்” என்று நாம் அன்போடு சொல்லும் சொல், துன்பம் வரும்போது அவர்கள் வாயை அடைத்துவிடுகிறது.

சொல்லப்படாத துயரம் உடம்பு வழியே வெளிவரும். தேர்வு நெருங்கும்போது ஓயாத தலைவலி, வயிற்றுவலி, மூச்சு முட்டுவதுபோல் ஓர் உணர்வு, உறக்கமின்மை. பிள்ளை நடிக்கிறது என்று தள்ளிவிடுகிறோம், இல்லையென்றால் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு “ஒன்றுமில்லை” என்று நிம்மதி அடைகிறோம். அந்த நேரத்தில் மருத்துவர் “பள்ளிக்கூடம் எப்படிப் போகிறது, யாரோடு சாப்பிடுகிறாய்?” என்று இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்டால் பல வீடுகளில் நிலைமை மாறும்.

இரண்டு உலகங்களுக்கு நடுவில்

பண்பாடு மாறும் இடத்தில் நிற்கும் இளைஞர்களைப் பற்றிய மிகப் பெரிய ஆய்வுகளில் ஒன்று ஜான் பெர்ரி, ஜீன் ஃபின்னி, டேவிட் சாம், பால் ஃபெடர் ஆகியோர் 2006இல் வெளியிட்டது. 13 நாடுகளில் குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்த, 13 முதல் 18 வயது வரையிலான 5,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளை அது ஆராய்ந்தது. சொந்தப் பண்பாட்டையும் விடாமல் புதிய சமூகத்திலும் கலந்தவர்களே மனநலத்திலும், பள்ளி, சமூக வாழ்விலும் நல்ல நிலையில் இருந்தார்கள். எதிலும் காலூன்றாமல் நின்றவர்கள் மோசமான நிலையில் இருந்தார்கள். தாம் பாகுபாட்டுக்கு ஆளாவதாக உணர்ந்த பிள்ளைகளின் மனநலமும் சமூக இணக்கமும் குன்றியிருந்தன.

இந்த ஆய்வில் இந்தியா இல்லை. ஆனாலும் கடல் கடந்து போனால்தான் பண்பாடு மாறும் என்பதில்லை. தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, குடும்பத்தின் முதல் பட்டதாரியாக ஒரு நகரத்துப் பொறியியல் கல்லூரிக்குள் நுழையும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். பாடம் ஆங்கிலம். வகுப்பில் சிரிப்பு எதற்கென்று தெரியாது. விடுதியில் பேசும் தமிழே வேறு. மெஸ் சாப்பாடு வேறு. ஊருக்குப் போனால் “என்னடி, ரொம்பத்தான் மாறிட்ட” என்கிறார்கள். கல்லூரிக்கு வந்தால் “இன்னும் மாறல” என்கிறார்கள். பள்ளியில் முதலிடம் பெற்ற பெண், முதல் பருவத்திலேயே மூன்று அரியரோடு நிற்கும்போது, திறமை குறைந்துவிட்டதாக அவளும் நம்புகிறாள், நாமும் நம்புகிறோம். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பெயர்ந்தவருக்கு உள்ள அத்தனை பாரமும் அவள் தோளில் இருப்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. “ஊர்ப்பேச்சை விட்டொழி” என்று அவளிடம் சொல்வது தவறான மருந்து. ஊரும் அவளுடையது, கல்லூரியும் அவளுடையது என்று உணரச் செய்வதே சரியான மருந்து.

பாகுபாடு என்றேன். நம் மண்ணில் அதன் பெயர் சாதி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் வீட்டிலேயே வெட்டப்பட்டதை நாம் மறந்துவிட முடியாது. வெட்டியவர்கள் உடன் படித்த பிள்ளைகள். அதன்பின் அமைந்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் தன் அறிக்கையை அரசிடம் அளித்தது. பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, மணிக்கட்டில் வண்ணக் கயிறுகள் கூடாது என்பவை அதன் பரிந்துரைகளில் சில. இவற்றை மனநலப் பரிந்துரைகளாகவும் படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். சாதியின் பெயரால் அவமதிக்கப்படும் பிள்ளைக்குத் தியானப் பயிற்சியை மட்டும் கொடுத்து அனுப்புவது, மாற்றக்கூடிய அநீதியை மாற்ற முடியாத விதியாக அதற்குக் கற்பிப்பதாகும்.

சமூகம் நிமிர்ந்தால் இளையோர் நிமிர்வர்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஏறத்தாழ இருநூறு பூர்வகுடிச் சமூகங்கள் உள்ளன. அந்நாட்டின் உறைவிடப் பள்ளிகள் பல தலைமுறைகளாகப் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, அவர்கள் மொழியைப் பேசவிடாமல் வளர்த்தன. அந்தச் சமூகங்களின் இளைஞர் தற்கொலை விகிதம் பிற கனடியர்களைவிடப் பன்மடங்கு உயர்ந்திருந்தது. மைக்கேல் சாண்ட்லரும் கிறிஸ்டோஃபர் லலோண்டும் 1987 முதல் 1992 வரையிலான தரவுகளைச் சமூகம் சமூகமாகப் பிரித்துப் பார்த்தார்கள். அப்போது மொத்தக் கணக்கு மறைத்திருந்த ஓர் உண்மை தெரிந்தது. பாதிக்கும் மேற்பட்ட சமூகங்களில் அந்தக் காலத்தில் ஓர் இளைஞர் தற்கொலைகூட நிகழவில்லை. துயரம் சில சமூகங்களில் குவிந்திருந்தது.

வேறுபாடு எங்கே என்று தேடி, ஆறு அடையாளங்களை 1998இல் அவர்கள் முன்வைத்தார்கள். நிலவுரிமைக் கோரிக்கை, தன்னாட்சி, கல்வி, காவல் மற்றும் தீயணைப்பு, உடல்நலச் சேவை, பண்பாட்டு மையம் ஆகியவை அந்த ஆறு. இவற்றில் எத்தனை அதிகமாக ஒரு சமூகத்தின் கையிலேயே இருந்தனவோ, அந்த அளவுக்கு அங்கே இளைஞர் தற்கொலை குறைவாக இருந்தது. ஆறும் இருந்த இடங்களில் ஒன்றுகூட இல்லை. பிறகு 2007இல் டார்சி ஹாலட்டோடு சேர்ந்து செய்த ஆய்வில், தாய்மொழியைப் பேசத் தெரிந்தவர் பாதிக்கு மேல் இருந்த சமூகங்களிலும் இந்த விகிதம் மிகத் தாழ்ந்திருந்ததைக் கண்டார்கள். ஒன்று மற்றொன்றுக்கு நேரடிக் காரணம் என்று இதைக்கொண்டு அறுதியிட முடியாது. ஆயினும், நேற்றோடும் நாளையோடும் தன்னைத் தொடர்புபடுத்திப் பார்க்கும் இளைஞர்களுக்கு வாழ்வின்மீது பிடிப்பு உறுதியாக இருக்கிறது என்ற அவர்கள் வாதம் வலுவானது.

யாழ்ப்பாணத்தில் உளமருத்துவராகவும் பேராசிரியராகவும் பணியாற்றிய தயா சோமசுந்தரம், வட இலங்கையின் போர்த்துயரைக் கூட்டு மனவடு என்ற நோக்கில் ஆராய்ந்து 2007இல் எழுதினார். குடும்பமும் ஊரும் சிதைந்தபின் ஒவ்வொருவராக அமர்த்தி ஆலோசனை தருவது மட்டும் போதாது, குடும்பத்தையும் ஊரையும் சடங்கையும் கலையையும் சேர்த்தே மீட்க வேண்டும் என்பது அவர் எழுத்தின் சாரம். கனடாவின் பூர்வகுடிகளும் வட இலங்கையின் தமிழரும் வேறு வேறு வரலாறு கொண்டவர்கள். ஆனால் இரு இடங்களிலும் இளையோருக்கான மருந்து கூட்டு வாழ்விலும் இருக்கிறது.

நம்மிடமே உள்ள சான்றுகள்

தமிழ்நாட்டிலேயே ஒரு நல்ல சான்று உண்டு. சென்னையில் 1986இல் சினேகா அமைப்பைத் தொடங்கிய உளமருத்துவர் லட்சுமி விஜயகுமார், பொதுத்தேர்வு முடிவு வரும் நாட்களில் நிகழும் இறப்புகளை நீண்ட காலம் கவனித்துவந்தவர். தோற்றால் ஓராண்டு போய்விடும் என்ற நிலைதான் பிள்ளைகளின் எதிர்காலக் கதவை மூடுகிறது என்று உணர்ந்து, உடனடித் துணைத்தேர்வு வேண்டும் என்று வலியுறுத்தியவர்களில் அவர் முதன்மையானவர். அந்தத் தேர்வு வந்தது. தோற்ற மாணவர் சில வாரங்களில் மீண்டும் எழுதி அதே ஆண்டில் கல்லூரியில் சேர முடிந்தது. தேர்வுத் தோல்வியால் நேர்ந்த இறப்புகள் பின்வந்த ஆண்டுகளில் குறைந்தன. பிள்ளைகளின் மன உறுதி ஓராண்டில் கூடிவிடவில்லை. “என்னால் என்ன செய்ய முடியும்?” என்ற கேள்விக்கு ஒரு விடை கிடைத்தது. 2017இல் பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை அரசு நிறுத்தியதும் இதே திசையில் எடுத்த அடிதான்.

இன்னொரு சான்று பீகாரில் இருந்து வருகிறது. நாலந்தா மாவட்டத்தின் 74 பள்ளிகளில் ‘சேஹர்’ என்ற திட்டத்தைச் சோதித்து, முடிவுகளை 2018இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். சுவர் இதழ், மாணவர் குழு, மனத்தில் இருப்பதை எழுதிப் போடும் பெட்டி, கேலி வதையைத் தடுக்கும் விதிமுறை, வேண்டுவோருக்குத் தனி ஆலோசனை இவையெல்லாம் சேர்ந்த திட்டம் அது. சில பள்ளிகளில் இதற்கென்றே பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர் நடத்தினார். சில பள்ளிகளில் ஆசிரியரே நடத்தினார். ஆலோசகர் நடத்திய பள்ளிகளில் பள்ளிச் சூழல் தெளிவாக மேம்பட்டது. மனச்சோர்வும் கேலி வதையும் வன்முறையும் குறைந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் அந்தப் பயன் தெரியவில்லை.

ஆசிரியர்களைக் குறை சொல்ல இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்கள் தலையில் ஏற்கெனவே ஏகப்பட்ட வேலை. அதோடு தாய்லாந்துப் பிள்ளைகளையும் நினைவில் கொள்ளுங்கள். மதிப்பெண் போடும் கையிடம் மனத்தைத் திறப்பது எந்தப் பிள்ளைக்கும் கடினம்.

என் வேண்டுகோள்கள்

பள்ளிகளுக்கு: மதிப்பெண்ணோடு தொடர்பில்லாத ஒரு பெரியவர் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்க வேண்டும். அவர் அறையில் உட்கார்ந்து, பிள்ளை வந்து சொல்லட்டும் என்று காத்திருக்கக் கூடாது. விளையாட்டிலும் கலைநிகழ்ச்சியிலும் மதிய உணவு வேளையிலும் பிள்ளைகளோடு இருக்க வேண்டும். நம் அரசுப் பள்ளிகளில் உள்ள ‘மாணவர் மனசு’ பெட்டியைத் தவறாமல் திறந்து, எழுதியவர் பெயரைக் காத்து, எடுத்த நடவடிக்கையை எல்லோருக்கும் அறிவிக்க வேண்டும். சொன்னால் பயன் உண்டு என்று ஒருமுறை கண்டுவிட்டால் பிள்ளைகள் சொல்வார்கள்.

கல்லூரிகளுக்கு: முதல் பருவத்தை மாணவர் பெயர்ந்து வரும் காலமாகக் கருதுங்கள். வகுப்பில் தமிழில் சந்தேகம் கேட்கும் உரிமையை வெளிப்படையாக அறிவியுங்கள். அதே வட்டாரத்திலிருந்து வந்து படித்து முன்னேறிய மூத்த மாணவர் ஒருவரைப் புதியவருக்குத் துணையாக்குங்கள். அரியர் வைத்தவரை வகுப்பில் எழுப்பி நிறுத்தும் வழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

பெற்றோருக்கு: உங்கள் தோல்விகளைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பட்ட கஷ்டத்தை அடிக்கடி சொல்கிறோம், தடுமாறிய இடத்தைச் சொல்வதில்லை. உங்களிடம் சொல்லத் தயங்குவதை அத்தையிடமோ சித்தப்பாவிடமோ பாட்டியிடமோ சொல்ல வழிவிடுங்கள். அவர்கள் உங்களிடம் வந்து ஒப்பிக்கவும் வேண்டாம். பேச விரும்பாத பிள்ளையோடு பேசாமல் உட்கார்ந்திருப்பதும் ஆதரவுதான். ஆனால் பிள்ளை உயிரை வெறுத்துப் பேசினாலோ, திடீரென்று எல்லோரையும் விட்டு ஒதுங்கினாலோ காத்திருக்காதீர்கள். நேராகக் கேளுங்கள், உடன் இருங்கள், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தற்கொலை முயற்சி செய்தவரைத் தண்டிக்காமல் பராமரிக்க வேண்டும் என்பதே 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் நெறி. வழக்கு வருமோ என்ற அச்சத்தில் மறைக்க வேண்டாம்.

மாணவர்களே, நிறைவாக உங்களிடம் ஒரு சொல். பொறுமை நம் முன்னோர் நமக்குத் தந்த நல்ல செல்வம். இழப்பிலும் நோயிலும் அது உங்களுக்குத் துணை நிற்கும். ஆனால் அவமதிப்பையும் வன்முறையையும் பொறுத்துக்கொள்வதற்காக அது தரப்படவில்லை. சுமக்க முடியாதது எதுவானாலும் ஒருவரிடமாவது சொல்லுங்கள். தெரிந்தவரிடம் சொல்ல முடியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலோ 104 என்ற எண்ணிலோ தமிழில் பேசலாம். நீங்கள் சொல்வதால் யாருக்கும் சுமையாகிவிட மாட்டீர்கள். நீங்கள் சொன்னதைக் கேட்டு நிலைமையை மாற்றுவது எங்கள் கடமை. துணைத்தேர்வு வந்ததும் அப்படி ஒரு கடமையைச் சிலர் உணர்ந்து வலியுறுத்தியதால்தான். இன்னும் திறக்க வேண்டிய வழிகள் பல இருக்கின்றன. அவற்றைத் திறக்கும் வேலையில் இந்த அரங்கில் உள்ள ஒவ்வொருவரும் பங்கெடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.